வலிக்கிற கைக்கே வேலை

உழைக்கும் உடம்பு – 9: முழங்கை

சென்ற வாரம் தோளைப் பார்த்தோம். இந்த வாரம் முழங்கை. பாளையங்கோட்டையில் வேலை முடிந்து ஷட்டில் ஆடப் போகிறவர்களுக்கும், ஊர்ப்புற மைதானங்களில் பூப்பந்து ஆடுகிறவர்களுக்கும் நாற்பது வயதையொட்டி வரக்கூடிய தொல்லை ஒன்று உண்டு. முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டைத் தொட்டாலே வலிக்கும். தண்ணீர் வாளியைத் தூக்கினால் சுள்ளென்று இழுக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்து நாற்காலியைத் தூக்கவே முடியாது. இதுதான் டென்னிஸ் எல்போ. உடனே ஆட்டத்தை நிறுத்துகிறோம், காயத்திருமேனித் தைலம் தேய்க்கிறோம், பட்டை கட்டுகிறோம், அதற்கும் கேட்காவிட்டால் ஊசி போட்டுக்கொள்கிறோம். இவை வலியைத் தணிக்கும், கையைத் தேற்றாது. கையைத் தேற்றுவது அளந்து கொடுக்கும் வேலைதான்.

காரணத்தைக் கையின் அமைப்பிலேயே பார்க்கலாம். எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கப் பார்க்கும். மடங்கவிடாமல் புறங்கைப் பக்கமாக இழுத்துப் பிடிக்கும் தசைகள் முழங்கையின் அந்த எலும்பு மேட்டில்தான் வேர்கொண்டிருக்கின்றன. ஆகவே பிடி இறுக இறுக அங்கே இழுவிசை ஏறும். பூப்பந்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். ஷட்டில் சுமார் 5 கிராம். கனமான பந்தைத் தாமதமாக, மணிக்கட்டை மட்டும் வீசி அடித்தால் அதிர்ச்சி முழுவதும் அந்தத் தசைநாணில் இறங்குகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் நீர்ஷல் குழுவினர் 1979இல், அறுவையில் எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். வீக்கத்துக்கு உரிய அணுக்கள் அங்கே பெரிதாக இல்லை. பிரி கலைந்த கயிறு போல ஒழுங்கிழந்த நார்கள்தான் இருந்தன. வீக்கத்தை அடக்கும் மருந்து அந்த நார்களை அடுக்கித் தராது. தாங்கக்கூடிய இழுவிசையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினால்தான் தசைநாண் பழையபடி சுமை தாங்கப் பழகும்.

இது மட்டை பிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 1873இல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கே இந்த வலியை விவரித்தது எழுதுகிறவர்களின் கைவலியைப் பற்றிய கட்டுரையில். டென்னிஸோடு சேர்த்துப் பேசத் தொடங்கியது 1880களின் இங்கிலாந்து. இந்த வலியோடு வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் என்பது மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்ணின் கையைக் கவனியுங்கள். நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து, கட்டைவிரலும் இரண்டு விரலுமாக உருட்டி, முனையை மடக்கி நூல் சுற்றுகிறார். மணிக்கட்டு அசையாமல் நிற்க, பிடி மட்டும் ஓயாமல் நடக்கிறது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற கைக்கும், பெரிய சட்டியில் அல்வா கிண்டுகிற கைக்கும் அதே தசைகளில்தான் பாரம்.

ஊசி போட்ட மறுவாரமே வலி பறந்துவிடுகிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 2002இல் நெதர்லாந்தில் 185 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் ஆறாவது வாரம் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 32 சதவீதம்தான். ஓராண்டு கழித்துக் கணக்கு தலைகீழானது. ஊசிக்காரர்களில் 69, காத்திருந்தவர்களில் 83, பிசியோதெரபி எடுத்தவர்களில் 91 சதவீதம். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஊசியால் முதலில் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. வலி மறைந்த தெம்பில், இன்னும் தேறாத தசைநாணுக்குப் பழைய சுமையையே கொடுத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் சும்மா இருந்தாலே 83 சதவீதம் பேருக்குச் சரியாகிறதே, பயிற்சி எதற்கு என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஆண்டு முடிவில் காத்திருந்தவர்களும் பயிற்சி செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதே ஆய்வில், கைவைத்தியமும் பயிற்சியுமாகச் சிகிச்சை பெற்றவர்கள் ஆறாவது வாரத்திலேயே முந்தியிருந்தார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒரு வருடம் காத்திருப்பது நடக்கிற காரியமா? வலிக்கிற கைக்கு வேலை கொடுத்தால் மோசமாகாதா என்றால், அளவு தெரியாமல் கொடுத்தால் ஆகும். முன்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு உதவியில்லாமல் மெல்லக் கீழே இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை, இடைவெளி விட்டு மூன்று சுற்று. லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி. மறுநாள் கூடினால் எடையைக் குறையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். தைலம் இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

கிரிக்கெட் வீரர் டெண்டுல்கருக்கு இதே தொல்லைக்காக 2005இல் லண்டனில் அறுவை நடந்ததைச் சிலர் நினைவூட்டலாம். மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் தேறாத சிலருக்கே அறுவை. அதற்குப் பின்னும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. விரல் மரத்துப்போவது, கழுத்திலிருந்து இறங்கும் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல் இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி ஆடுகிறவர் மட்டைப் பிடியையும் மட்டையில் கட்டிய நரம்பின் இறுக்கத்தையும் தளர்த்தலாம். பந்தயம் வந்ததென்று ஒரே வாரத்தில் ஆட்டத்தை இரட்டிப்பாக்காமல் இருக்கலாம். பீடி சுற்றுகிறவர் கத்தரியைக் கூர்மையாக வைத்து, வெட்டுவதையும் சுற்றுவதையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மாத்திரை எத்தனை வேளை என்பதோடு, எவ்வளவு எடை, எத்தனை தடவை, எப்போது கூட்டுவது என்றும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வாரம்: மணிக்கட்டு.