உஷார்! வளைகுடாப் பெட்டிக்குள் ‘நரம்பு மாத்திரை’

கடையநல்லூரில் ஒருவருக்கு துபாய்க்கோ சவுதிக்கோ டிக்கெட் உறுதியானால் போதும், அன்றே வீட்டில் பெட்டி கட்டும் வேலை ஆரம்பித்துவிடும். ஊறுகாய், முறுக்கு, அல்வா, வீட்டில் அரைத்த மசாலாப் பொடி. இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பையில் மாத்திரைகள். தனக்கு மூன்று மாதத்துக்கு, ரூமில் இருக்கும் மச்சானின் முதுகுவலிக்கு நாலு அட்டை, தெருக்காரர் ஒருவர் கொடுத்துவிட்ட இருமல் மருந்து ஒன்று. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறுவதற்கு முன்பு அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொட்டி, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படியுங்கள். ஜெயில்வரை கொண்டுபோகிற சரக்கு அதற்குள் இருக்கலாம்.

மெடிக்கலில் நாம் கேட்டு வாங்குவது கம்பெனிப் பெயரை. அந்நிய நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி பார்ப்பது அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரை. உலக வர்த்தகத்தில் எல்லாச் சரக்குக்கும் எண் உண்டு. 1988 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த எண்களின் பட்டியலை பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு பராமரிக்கிறது. அதில் 29-ம் அத்தியாயம் கரிம வேதிப்பொருட்களுக்கானது. 2934 என்ற தலைப்பு நியூக்ளிக் அமிலங்கள் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அதே தலைப்புக்குள், மார்ஃபினைவிடப் பல நூறு மடங்கு வீரியமுள்ள சூஃபென்டனிலும் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து எண்ணான 2933-ல் தூக்க, பதற்ற மாத்திரைகளில் இருக்கும் டையாசெபம், அல்பிரசோலம் போன்ற வேதிப்பொருட்கள். 2939-ல் இருமல் மருந்தில் கலக்கும் கோடீன். நமக்கு எல்லாமே ‘மாத்திரை மருந்து’. சுங்கத்துக்கு அவை வெவ்வேறு எண், வெவ்வேறு சட்டம்.

இதில் என்னை மிகவும் பயமுறுத்துவது ‘நரம்பு மாத்திரை’தான். சர்க்கரை நோயால் கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் நம்மூரில் எழுதித்தரும் மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டு பொருள் சேர்ந்திருக்கும். ஒன்று மெத்தில்கோபாலமின். அது வெறும் பி12 வைட்டமின், அதனால் வம்பில்லை. இன்னொன்று ப்ரீகாபலின். அமீரகத்திலும் சவுதியிலும் குவைத்திலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அங்கே இளைஞர்கள் போதைக்காக விழுங்கிப் பெரிய தலைவலியாகிப்போன பொருள். உம்ரா புனிதப் பயணம் போகும் அறுபது வயதுப் பெரியவர் ‘சத்து மாத்திரைதானே’ என்று நினைத்துக் கைப்பையில் வைத்திருப்பார். அங்கே கணக்கு வேறு.

அடுத்தது டிரமடால். ஆபரேஷனுக்குப் பிறகும், தாங்க முடியாத முதுகுவலிக்கும் கொடுப்பார்கள். பல மாத்திரைகளில் பாரசிட்டமாலோடு சேர்ந்து வரும். இந்தியாவிலேயே 2018-ல் இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2017-ல் பிரிட்டனிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஒரு பெண்ணின் பெட்டியில் 290 டிரமடால் மாத்திரைகள் இருந்தன. அங்கே இருந்த தன் துணைவரின் முதுகுவலிக்கு என்றார். அந்த ஊரில் அது தடை செய்யப்பட்டது என்று தெரியாது என்றும் சொன்னார். மூன்றாண்டு சிறைத் தண்டனை விழுந்தது. மச்சானுக்காக நாலு அட்டை கொண்டுபோகிறவர்கள் இந்தக் கதையை இரண்டு தடவை படிக்கலாம்.

அட்டையில் சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ என்று இருந்தால் அது இங்கேயே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மறுபேச்சில்லாமல் தனியே எடுத்து வையுங்கள். ஆனால் அந்த எழுத்து இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ப்ரீகாபலின் அட்டையில் அது இருக்காது. நம் ஊர்ச் சட்டம் விட்டுவைத்ததை எல்லாம் அடுத்த நாட்டுச் சட்டமும் விட்டுவைக்கும் என்பது நாமாகப் போடும் கணக்கு.

இன்னொரு பழக்கமும் ஆபத்து. மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கத்திரியால் வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் அச்சடித்த பகுதி கடையிலேயே நின்றுவிடும். இட நெருக்கடி என்று சிலர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கொட்டிக்கொள்வார்கள். பெயரில்லாத வெள்ளை மாத்திரை எந்த அதிகாரிக்கும் சந்தேகப் பொருள்தான். முழு அட்டையாக, டப்பாவோடு, பில்லோடு, டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயரும், மருந்தின் வேதிப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கிறுக்கல் உதவாது, கெஞ்சியாவது தெளிவாக எழுதி, முத்திரை வைத்து வாங்கிவிடுங்கள்.

மாத்திரையே எடுத்துப் போகவில்லை என்கிறீர்களா? அந்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்தீர்களா என்று அடுக்களையில் கேளுங்கள். அபின் செடியின் விதைதான் கசகசா. காய் வெட்டுப்படும்போது வடியும் பாலில் மார்ஃபின் இருக்கிறது, அதன் சுவடு விதையிலும் ஒட்டிக்கொள்கிறது. இங்கே குருமாவுக்கு அரைக்கிறோம், துருக்கியிலிருந்து கப்பல் கப்பலாக இறக்குமதியும் செய்கிறோம், குற்றமே இல்லை. அமீரகம், சவுதி, கத்தார் மூன்றிலும் தடை. சிங்கப்பூரிலும் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. அமீரகத்தைப் பொறுத்தவரை போதைப்பொருளின் சுவடு பெட்டியில் அல்ல, ரத்தத்தில் இருந்தாலே வைத்திருந்ததாகக் கருதும் நிலை இருக்கிறது என்று மேலைநாட்டு அரசுகள் தங்கள் பயணிகளை எச்சரிக்கின்றன. கசகசா பாக்கெட்டை உம்மா பாசத்தோடு பெட்டி மூலையில் செருகியிருந்தால், பாசத்தை வைத்துக்கொண்டு பாக்கெட்டை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தவர் பார்சல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2019-ல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி கத்தாருக்குச் சென்றார்கள். உறவுக்காரப் பெண் ஒருவர் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் நான்கு கிலோவுக்கு மேல் ஹஷீஷ் இருந்தது. பத்தாண்டு தண்டனை. மனைவி கர்ப்பிணி, குழந்தை சிறையிலேயே பிறந்தது. இந்தியாவில் விசாரணை நடந்து, அவர்கள் ஏமாற்றப்பட்டது தெரியவந்து, 2021-ல்தான் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். கொடுத்துவிட்டது சொந்தக்காரர், கவனியுங்கள். வாசலில் கார் நிற்கும்போது ‘இதை மட்டும் சேர்த்துக்கோங்க’ என்று வரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவர் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான் உங்களுக்கு வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. முதலில் டாக்டரிடம் வெளிநாடு போகிறேன் என்று சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், போகும் நாட்டு அரசின் இணையதளத்தில் மருத்துவ அறிக்கை, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட் நகலோடு முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமீரகத்திலும் சவுதியிலும் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. அனுமதி கைக்கு வந்த பிறகே பயணம். டிராவல்ஸ்காரர் ‘அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க’ என்பார். மாட்டிக்கொண்டால் அவர் போன் எடுக்க மாட்டார். அமீரகத்தில் சிக்கலில் மாட்டும் இந்தியத் தொழிலாளர்களுக்காக இந்திய அரசு நடத்தும் உதவி மையத்தின் இலவச எண் 800 46342. அந்த எண்ணை உங்கள் கைபேசியிலும் வீட்டிலிருப்பவரின் கைபேசியிலும் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.