அரக்குப் புடவை படத்தில் ஏன் மங்குகிறது?

நேரில் பளிச்சென்று இருக்கும் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, இணையக் கடைப் படத்தில் பழுப்பாகத் தெரிகிறது. புதுக் கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா? பெரும்பாலும் இல்லை. கோளாறு வெளிச்சத்தில்தான்.

ஏன்?

தன்மேல் விழும் ஒளியிலுள்ள சிவப்பைத்தான் புடவை திருப்பி அனுப்புகிறது. வெள்ளை எல்இடி விளக்குகளில் பெரும்பாலானவை, நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசிச் செய்யப்படுபவை. மலிவான விளக்கில் அடர்சிவப்பு குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பு படத்தில் எங்கிருந்து வரும்?

எப்படிச் சரிசெய்வது?

விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு அது, உச்சம் 100. வீட்டு எல்இடிகளில் 80 சகஜம். படமெடுக்க 95-க்கு மேல் நல்லது. அடர்சிவப்புக்கான ஆர்9 மதிப்பு சிஆர்ஐ சராசரிக் கணக்கில் சேராது. அதையும் தனியே கேளுங்கள்.

இரண்டு விளக்குகள் வைத்தால், இரண்டின் நிற வெப்பநிலையும் 5,600 கெல்வினாக இருக்கட்டும். அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள்; இரு வேறு நிற ஒளி கலந்தால் நிறத்தைச் சீராக்க முடியாது. விளக்கின் முன் அகலமான சாஃப்ட்பாக்ஸ் மாட்டினால், ஒளி பரந்து விழும். ஜரிகை கண் கூசாமல் மின்னும்.

சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். முக்காலி இருந்தால் ஐஎஸ்ஓ 100 போதும். நல்ல கைப்பேசியே வேலையை முடித்துவிடும்.

காசை முதலில் விளக்கில் போடுங்கள். தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு அந்தப் படம்தான் புடவை. அது பொய் சொல்லக்கூடாது.