ஆபரேஷன் திருச்சியில், ஆயுள்காலக் கவனிப்பு ஆலங்குடியில்

நான்கு நாளாக வாந்தி. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை. இப்படி ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனால் உள்ளூர் கிளினிக்கில் என்ன நடக்கும்? “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்” என்று கூட வந்தவரே சொல்லிவிடுவார். குளுக்கோஸ் இறங்கினால் தெம்பு வரும் என்பது நம்பிக்கை; பெரும்பாலும் வரவும் செய்கிறது. ஆனால் படுத்திருப்பவர் இரண்டு மாதத்துக்கு முன் திருச்சியிலோ மதுரையிலோ எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்றால், அதே பாட்டில் அவருடைய மூளையைப் பாதிக்கக்கூடும்.

காரணம் தயமின் எனப்படும் பி1 வைட்டமின். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். குளுக்கோஸை எரிக்க அது வேண்டும். வாந்தியால் இருப்பு வற்றிக் கிடக்கும்போது குளுக்கோஸ் மட்டும் உள்ளே போனால் மிச்சம் மீதியும் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, புத்தி குழம்பும். வெர்னிக்கி பாதிப்பு என்று இதற்குப் பெயர். கவனிக்கத் தாமதமானால் நினைவாற்றல் திரும்பாமலே போவதுண்டு. முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ்: தடுக்க இவ்வளவு போதும், ஊசியும் விலை உயர்ந்ததல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லேப்பராஸ்கோப்பியில் செய்வதால் வயிற்றில் நான்கைந்து சின்னத் தழும்புகள்தான் மிஞ்சும். பார்த்த மாத்திரத்தில் மருத்துவருக்குப் பிடிபடாது. நோயாளியும் வாய் திறக்க மாட்டார். வாக்கிங் போய்க் குறைத்தேன் என்று உறவினர்களிடம் சொல்லி வைத்திருப்பார். அவர்களே கூட நிற்கும்போது எப்படி மாற்றிச் சொல்வார்? இந்தக் கூச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குண்டாக இருந்தபோது கேலி செய்தவர்கள், இப்போது குறுக்கு வழியில் இளைத்தாய் என்றும் சொல்வார்கள். இருந்தாலும் மருத்துவரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இவர்களில் ஆபரேஷன் தேவைப்படுபவர்கள் கொஞ்சம் பேர்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்க, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஐந்தே கால் அடி உயரமுள்ளவருக்கு அது நூறு கிலோவைத் தாண்டிய எடை. இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவை இருந்தால் 35 போதும்.

2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த ஆபரேஷனுக்காகப் போய் இறந்தது பெரிய செய்தியானது. அப்படிப்பட்ட மரணம் அரிது. ஐந்து வருடம் கழித்துக் கால் மரத்துப்போவதும், பத்து வருடம் கழித்து எலும்பு தேய்வதும் அவ்வளவு அரிதல்ல. அவை செய்தியாவதில்லை.

இரண்டு வகை ஆபரேஷன்கள் பரவலானவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கீழே இணைக்கிறார்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். அதனால் பைபாஸ் செய்தவருக்குச் சத்துக் குறைவு இன்னும் அதிகம்.

பி12 மெதுவாகக் கழுத்தறுக்கும் ரகம். அதை உறிஞ்ச இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. ஆபரேஷனுக்குப் பின் அது குறைந்துவிடும். ஆனால் கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் முதல் வருடம் எல்லாம் சுமுகமாகவே தோன்றும். நோயாளி செக்கப்புக்குப் போவதை நிறுத்துவதும் அந்தக் கட்டத்தில்தான். பிறகு பாதம் மரக்கும், எரியும். சர்க்கரை இருந்தவர் என்பதால், “சுகரால் வரும் நரம்புக் கோளாறு” என்று முடிவாகிவிடும். சர்க்கரைக்கு அவர் வருடக்கணக்கில் விழுங்கிய மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கக்கூடியதே. மாதம் ஒரு பி12 ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். அதற்காக யாரும் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

கால்சியம் தினம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், ஒரே மூச்சில் அல்ல, பிரித்துப் பிரித்து. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கார்பனேட் வகை கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றுக்கு சிட்ரேட் வகை நல்லது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். டீயுடன் இரும்பு மாத்திரையை விழுங்கினால் பாதிப் பலன் டீக்கே போய்விடும்.

சர்க்கரை விஷயத்தில் இரண்டு திசையிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை சரசரவென இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரை, இன்சுலின் எடுத்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவரும் ஊழியரிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லி, மருத்துவர் மாற்றி எழுதிய சீட்டைக் காட்டாவிட்டால் பழைய அளவே வந்துகொண்டிருக்கும். மறுபுறம், சர்க்கரை ஒழிந்தது என்று திருவிழா கொண்டாடவும் முடியாது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், ஆபரேஷன் செய்த சர்க்கரை நோயாளிகளில் இரண்டாம் ஆண்டில் 72 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அது 30 சதவீதமாகிவிட்டது. அதே ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாத பருமனானவர்களைவிடச் சுமார் மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, பலன் உண்மைதான். அது தானாக நிலைத்திருக்காது, அவ்வளவே.

பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகும், எதிர்பாராமல் கரு தங்கும். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. காப்பர்-டி போன்ற வழிகளைக் கேட்க வேண்டும். கர்ப்பமான பிறகு இன்னொன்று: தமிழகத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். சென்னை நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த நல்ல பரிசோதனை அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனை வரை வழக்கமானது. ஆனால் பைபாஸ் வயிற்றில் அந்த இனிப்பு நீர் தடதடவென்று குடலுக்குள் கொட்டிவிடும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. பின்னர் சர்க்கரை திடீரென்று சரியும். டம்பிங் என்பது இதுதான். முன்கூட்டியே சொன்னால், 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளும் மாற்று வழி உண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். முட்டையில் மட்டும் கணக்கிட்டால் பத்து. நூறு கிராம் மீனில் கிட்டத்தட்ட இருபது கிராம் கிடைத்துவிடும். ஜெகதாபட்டினம், கோட்டைப்பட்டினம் மீன் வரும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெட்டிப் பெட்டியாகப் புரதப் பொடி வாங்குவது எல்லோருக்கும் கட்டாயமில்லை. வடகாடு, கீரமங்கலம் பலாச்சுளை நான்கைந்தைச் சேர்ந்தாற்போல் போட்டால் டம்பிங் எட்டிப் பார்க்கும். ஆடியில் மொய் விருந்து தொடங்கினால் அந்தப் பக்கத்தில் கறிச்சோற்றுக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. இலையில் உட்கார்ந்து நான்கு வாயோடு எழுந்தால் விருந்து வைத்தவர் முகம் சுருங்கும். மொய்யை எழுதிவிட்டு, கறியை மட்டும் மென்று தின்று, சோற்றை ஒதுக்கி எழுந்து வருபவர் கெட்டிக்காரர். கந்த சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை விடத் தண்ணீர் இல்லாமல் இருப்பதுதான் அபாயம். நம் மாவட்ட வெயிலில் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்காவிட்டால் சிறுநீரகக் கல் வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏற்கனவே கூடுதல்.

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கூடாது. குடல் இணைப்பில் புண் வந்து ரத்தம் கசியும், பாராசிட்டமால் பரவாயில்லை. மது முன்பைவிடச் சீக்கிரம் ஏறும், அடிமையாக்கவும் செய்யும். பைபாஸ் செய்து எத்தனை வருடமானாலும் திடீர் வயிற்று வலி தாங்க முடியாமல் போனால் கேஸ் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடல் உள்ளுக்குள் சிக்கியிருக்கலாம்.

எனக்கு ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகள் மீதுதான் வருத்தம். விளம்பரத்தில் முன்-பின் படங்கள் இருக்கும். ஏழாம் வருடப் படம் இருக்காது. காப்பீடும் பொதுவாகப் படுக்கையில் இருந்த நாட்களுக்கும் அதையொட்டிய சில வாரங்களுக்கும்தான் பணம் கொடுக்கும். ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய சத்து மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கைக்காசுதான். பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டு சிறப்பு மருத்துவமனையும் அதன் பிறகு வருடம் ஒருமுறை குடும்ப மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2014-இல் எழுதி வைத்துவிட்டது. இங்கும் அதைச் செய்ய முடியாதது இல்லை. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றுக்குத் தனியார் லேபில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். ரிசல்ட்டை ஆபரேஷன் செய்த மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி போனில் பேசிக்கொள்ளலாம். ஸ்லீவ் செய்தவர்கள் நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பிக்கு நேரில் போய்வர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பில்லைக் கட்டும் முன், ஆபரேஷனின் பெயர், தேதி, தொடர வேண்டிய மாத்திரைகள், தரக்கூடாத மருந்துகள், கூப்பிட வேண்டிய நம்பர் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதில் ஒரு பிரதியை உள்ளூர் மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள்.