காற்றொலி இலவசம், குரலுக்குத்தான் செலவு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சிம்ப்சன் பாலைவனத்தின் விளிம்பில் பெர்ட்ஸ்வில் என்றோர் ஊர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 110. காவல் நிலையம் ஒன்று. அதில் அதிகாரி ஒரே ஒருவர். அவருடைய எல்லை சுமார் 240,000 சதுர கிலோமீட்டர்.

இந்த எண்ணை நமக்குத் தெரிந்த அளவுகளில் நிறுத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் பரப்பு 130,058 சதுர கிலோமீட்டர். அதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலான நிலத்துக்கு ஒற்றை ஆள் காவல். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள் இருக்கின்றன என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். பெர்ட்ஸ்வில் எல்லைக்குள் 326 சிங்கப்பூர்களை அடுக்கலாம். அந்த எல்லையை ஒரு சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 490 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல். நம் சிங்கப்பூர்த் தீவைக் கிழக்கு மேற்காகக் கடக்க 50 கிலோமீட்டர் போதும், நெரிசல் இல்லாவிட்டால்.

இப்படிப்பட்ட இடத்தில் நடக்கும் காவல் கதையைப் படமாக எடுத்தால் செலவு முழுவதும் தொலைவுக்கே போய்விடும். ஆட்களை ஏற்றிச் செல்ல வேண்டும், தண்ணீர் கொண்டுபோக வேண்டும், வெயில் தணியக் காத்திருக்க வேண்டும். வானொலி நாடகத்தில் ஆறு மணி நேரப் பயணம் ஆறு விநாடி வேலை. வண்டி கிளம்பும் சத்தம், சரளைப் பாதையில் சக்கரம் உருளும் சத்தம், மெல்ல அடங்கும் ஒலி. அடுத்த வசனம் மறுமுனையில். 240,000 சதுர கிலோமீட்டரும் ஓர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றுவிடும்.

இது ஊகமில்லை, நடந்த கதை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டபிள்யூஎக்ஸ்ஒய்இஸட் வானொலி நிலையம் 1930களின் இறுதியில் 'சேலஞ்ச் ஆஃப் த யூக்கான்' என்ற தொடரைத் தொடங்கியது. கனடாவின் வடமேற்கில், பனிக்காட்டில் ஒரு குதிரைக் காவல்படை சார்ஜண்டும் அவருடைய நாயும் குற்றவாளிகளைத் துரத்தும் கதை. யூக்கானின் பரப்பு 480,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். பனியும் பனிச்சறுக்கு வண்டியும் காற்றும் எல்லாமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மோட்டார் தொழிற்சாலை நகரத்தின் ஒலிக்கூடத்தில் பிறந்தவை. நாய் குரைத்ததும் ஒலி அமைப்பாளரின் தொண்டையிலிருந்துதான். தொடர் 1955 வரை ஓடியது.

வெறும் கொட்டாங்கச்சி இரண்டு இருந்தால் குதிரை ஓடும். சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் யாரும் இதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஈ மொய்க்கும் சத்தம், கம்பிவலைக் கதவு அடித்து மூடும் சத்தம், மின்னாக்கியின் உறுமல், வானொலிக் கருவியின் கரகரப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலிய உள்நாடு கிடைத்துவிடுகிறது. அந்தக் கரகரப்புக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. ஆல்ஃப்ரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை 1929இல் தந்த பிறகுதான், அக்கம்பக்கத்து வீடே நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த பண்ணைகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளத் தொடங்கின. அதற்கு ஓராண்டு முன்பு, 1928 மே மாதம், குவீன்ஸ்லாந்தின் கிளாங்கரியில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியிருந்தது. ஆபத்து, உதவி, காவல், பள்ளிப் பாடம் எல்லாம் காதின் வழியாகவே வந்த நிலம் அது. அந்த நிலத்தின் கதைக்கு வானொலி பொருந்துவதில் வியப்பில்லை.

ஆஸ்திரேலியர்கள் வானொலித் தொடரை எவ்வளவு கேட்டார்கள் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். 'புளூ ஹில்ஸ்' என்ற கிராமப்புறக் குடும்பத் தொடர் 1949இல் தொடங்கி 1976இல் முடிந்தது. மொத்தம் 5,795 அங்கங்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம். பெருக்கினால் 86,925 நிமிடம், அதாவது 1,448 மணி நேரத்துக்கும் மேல். இடைவிடாமல் கேட்டால் இரவு பகலாக 60 நாள். எழுதியவர் க்வென் மெரிடித் என்ற ஒரே பெண்மணி. நிமிடத்துக்கு நூறு சொல் என்று குறைத்து வைத்தாலும் 8.6 மில்லியன் சொற்களுக்கு மேல். மாதத்துக்கு ஒரு சிறுகதை கேட்டால் நேரமில்லை என்று சொல்லும் நம் எழுத்தாளர்கள் (நானும்தான்) இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

காவல் தொடர் விஷயத்தில் ஆஸ்திரேலிய வானொலி பெரும்பாலும் நகரத்தையே நம்பியது. 1950களில் மெல்பர்னில் கிராஃபோர்ட் நிறுவனம் தயாரித்த 'டி24' விக்டோரியா மாநிலக் காவல்துறையின் ஒத்துழைப்போடு வந்தது. அதில் கிடைத்த பழக்கம்தான் பிற்பாடு 1964இல் 'ஹாமிசைட்' என்ற தொலைக்காட்சித் தொடராக வளர்ந்தது. உள்நாட்டுக் காவல் கதையை எடுத்துக்கொண்டவர் நாவலாசிரியர் ஆர்தர் அப்ஃபீல்ட். அவருடைய துப்பறிவாளர் போனி பாதி ஆதிக்குடி, பாதி வெள்ளையர். 1972, 1973 ஆண்டுகளில் 26 அங்கங்களாகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த வேடத்தில் நடித்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த வெள்ளைக்கார நடிகர், முகத்துக்குக் கருப்பு பூசிக்கொண்டு.

செலவுக் கணக்கின் பெரிய பகுதி இங்கேதான் இருக்கிறது. மணலுக்கும் காற்றுக்கும் யாரும் கட்டணம் கேட்பதில்லை. யாருடைய குரலில் கதை சொல்கிறோம் என்பதற்குத்தான் விலை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆதிக்குடியினர். சிறையில் இருப்பவர்களில் அவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். காவலில் நேர்ந்த ஆதிக்குடியினரின் மரணங்களை விசாரிக்க 1987இல் அரச ஆணையம் அமைந்தது. அது ஆராய்ந்த மரணங்கள் 99. 1991இல் அது தந்த பரிந்துரைகள் 339. உள்நாட்டுக் காவல் நாடகம் என்று ஒன்றை எழுதுகிறவர் இந்த எண்களைத் தாண்டிப் போனால் கையில் மிஞ்சுவது கொட்டாங்கச்சிச் சத்தம் மட்டுமே. தனிமையில் வாடும் நல்ல சார்ஜண்ட், குடித்துவிட்டுச் சண்டை போடும் ஊழியர், பாதை காட்டும் ஆதிக்குடிக்காரர் என்று மூன்று பாத்திரங்களை வைத்து ஐம்பது அங்கம் ஓட்டிவிடலாம். மூன்றாவது ஆளுக்கு எத்தனை நிமிடம் பேசக் கிடைத்தது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரியும்.

இனி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்துச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். சிங்கப்பூர்த் தமிழ் வானொலிக்கு நாடகம் புதிதல்ல. கால்டிகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் 1937இல் திறந்தது. ரிடிஃபியூஷன் 1949இல் மாதம் 5 வெள்ளிக்குக் கம்பி வழியே கதைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழில் உச்சம் என்று நான் கருதுவது புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'. 1969, 1970 ஆண்டுகளில் ஒலிபரப்பானது. அப்போதைய எண்களைப் பாருங்கள். 1970இல் நாட்டின் மக்கள்தொகை 2.07 மில்லியன். அதில் இந்தியர் ஏறக்குறைய 145,000. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 35 விழுக்காடு. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு சிறு சமூகத்துக்கு, மின்தூக்கியும் பக்கத்து வீட்டுச் சுவரும் பழகாத ஒரு குடும்பத்தை வைத்து வாரம் ஒரு கதை. தொலைவே இல்லாத ஊரில் நெருக்கத்தை வைத்து நாடகம் செய்தார் கிருஷ்ணன். பெர்ட்ஸ்வில்லில் இடம் அதிகம், ஆள் குறைவு. அண்ணாசாமி வீட்டில் தலைகீழ். கிருஷ்ணனுக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

கேட்பவருக்கு இன்று செலவு சுழியம். தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 110 வெள்ளியும் வண்டி வானொலிக்கு 27 வெள்ளியும் கட்டிய உரிமக் கட்டணம் 2011இல் ஒழிந்தது. கேட்கும் ஆட்களின் கணக்கு அவ்வளவு எளிதில்லை. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று கொள்ளலாம். ஆனால் அந்த விழுக்காடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் பணம் அனுப்பும் கடை வாசலில் நிற்கும் புதுக்கோட்டை, சிவகங்கை இளைஞர்கள் அந்தக் கணக்கில் இல்லை. காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு கட்டுமானத் தளத்துக்கு லாரியில் போகிறவர்கள் அவர்கள்தான்.

லிட்டில் இந்தியாவில் ஒரு காவல் தொடருக்குக் கதை உண்டா? உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து விபத்தில் ஒரு தமிழ் ஊழியர் இறந்தார். தொடர்ந்த கலவரம் சுமார் இரண்டு மணி நேரம். 5 வாகனங்கள் எரிந்தன. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக் குழு அமைந்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை, நாடு முழுவதும். லிட்டில் இந்தியாவில் அதற்கு மேல் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை, முழு 48 மணி நேரமும் தடை. கண்காணிப்புக் கருவிகளும் விளக்குகளும் கூடின. அந்த ஒற்றை இரவை நாடகமாக்கச் சொல்லவில்லை. இறந்தவருக்குக் குடும்பம் உண்டு, அதற்கு மரியாதையும் உண்டு. அதற்குப் பிந்திய ஆயிரக்கணக்கான சாதாரண இரவுகள்தான் தொடருக்கு உரியவை. தொலைந்த கடப்பிதழ், வராத சம்பளம், சீட்டுப் பணத் தகராறு, தொலைபேசி மோசடியில் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த காசை இழந்தவர், மொழிபெயர்க்க வந்த தமிழ்க் காவலரிடம் "அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்று கேட்பவர்.

வசந்தம் அலைவரிசையில் 'வேட்டை' போன்ற தொலைக்காட்சிக் காவல் தொடர்கள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்பார்கள். வந்தன, ஓடின. அவற்றில் துப்பாக்கிக்கும் துரத்தலுக்கும் பணம் போனது. வானொலியில் அந்தப் பணம் தேவைப்படாது. என் கணக்கு இது. 15 நிமிடம் வீதம் 13 அங்கங்கள், மொத்தம் 195 நிமிடம், மூன்றே கால் மணி நேரம். அங்கம் ஒன்றில் 3 நிமிடம் ஒலிக்கும் மௌனத்துக்கும் விட்டால் பேச்சு 12 நிமிடம். நிமிடத்துக்கு நூறு சொல் என்றால் 1,200 சொல், 13க்கும் சேர்த்து 15,600 சொல். அது ஒரு குறுநாவல் அளவு, ஓர் எழுத்தாளர் மூன்று மாதத்தில் எழுதலாம். குரல்கள் எட்டு. ஒத்திகைக்கு 2 மணி, பதிவுக்கு 2 மணி என்று வைத்தால் அங்கத்துக்கு 32 ஆள்மணி, மொத்தம் 416. ஒலிச்சேர்ப்புக்கு அங்கத்துக்கு 6 மணி, மொத்தம் 78. ஆக 494 ஆள்மணி. முழுநேர ஊழியர் ஒருவர் வாரம் 44 மணி வேலை செய்தால் ஏறத்தாழ பதினொரு வாரத்தில் முடிகிற அளவு. கட்டணத்தை நான் போடவில்லை. அதை ஒலிபரப்பாளரும் கலைஞர்களும் பேசட்டும்.

ஒலிகளுக்குத் தனிச் செலவு கிடையாது. தேக்கா நிலையத்திலிருந்து பெருமாள் கோயில் வரை சுமார் ஒரு கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் 15 நிமிடம், சரியாக ஓர் அங்கம். அந்த நடையில் வீரமாகாளியம்மன் கோயில் மணி, அங்குலியா பள்ளிவாசல் பாங்கு, பூக்கடைப் பேரம், பேருந்துக் கதவு எல்லாம் வந்துவிடும். ஒரு பதிவுக் கருவியும் காற்றுத்தடுப்புப் பஞ்சும் போதும்.

மீதி இருப்பது குரல் செலவு. எட்டுக் குரலில் மூன்றையாவது ஊழியர் விடுதிகளில் தேடுங்கள். அவர்களிலே மேடைநாடகம் பார்த்து வளர்ந்தவர்களும் நடித்தவர்களும் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களுடைய விடுமுறை ஞாயிறு ஒன்றுதான், எனவே ஒத்திகையை ஞாயிற்றில் வைக்க வேண்டும். ஒலிக்கூடத்தை அன்று திறந்து வைப்பது கூடுதல் செலவு. அதுதான் இந்தக் கணக்கில் தவிர்க்கக் கூடாத செலவு. ஊழியர் வேடத்தை உள்ளூர்க் கலைஞர் சிவகங்கைப் பேச்சைப் பாவனை செய்து பேசினால், போனிக்கு முகம் பூசியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒலி 96.8 வானொலி நிலையத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: 13 அங்கங்களுக்கு ஒரு காலாண்டு ஒதுக்குங்கள், ஞாயிறு இரவு 9 மணிக்கு. ஊழியர்கள் விடுதிக்குத் திரும்பும் நேரம் அது.