குட்டி குவாடுக்கு எக்ஸாஸ்ட் வாங்கும் முன் இதைப் பாருங்க
அமெரிக்காவில் வேலை, பிள்ளைக்கு மினி குவாடு ரேஸா? கேன்-ஆம் டிஎஸ் 90-ல இருப்பது சிவிடி. நம்ம ஆக்டிவாவில் இருக்கிற அதே வகைதான். எடுப்பு மந்தமா இருந்தா உடனே எக்ஸாஸ்டுக்கு கார்டைத் தேய்க்காதீங்க.

முதல்ல பெல்ட் தேய்ந்திருக்கான்னு பாருங்க. அடுத்து வேரியேட்டர் ரோலர். எடை குறைந்த ரோலர் போட்டா இன்ஜின் அதிக ஆர்பிஎம்முக்குப் போன பிறகே ரேஷியோ மாறும்; பிக்கப் கூடும். ரொம்பக் குறைச்சா இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. அதனால ஒவ்வொரு கிராமா, முழு செட்டா மாத்துங்க. எக்ஸாஸ்ட் விலைக்கு முன்னாடி இந்தச் செலவு சில்லறை.

அதே நாள்ல கிளட்ச் ஸ்பிரிங்கையும் தொடாதீங்க. எது வேலை செஞ்சதுன்னு தெரியாமலே ரெண்டுக்கும் பில் கட்டுவீங்க.

ஓட்டப்போறது பத்து வயசுப் பிள்ளை. பிக்கப்பைக் கூட்டுறதுக்கு முன்னாடி, கயிறு இழுபட்டதும் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சுக்குக் காசு ஒதுக்குங்க.