மோட்டார் கேபிள் குழாயை நிரப்பாதீர்கள்

மோட்டார் அறையிலிருந்து போர்வெல் வரை கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைப்பது நல்ல பழக்கம். மண்வெட்டி படாது, எலி கடிக்காது. ஆனால் முதல் மோட்டாருக்குப் போட்ட குழாயிலேயே இரண்டாவது போர்வெல் கேபிளையும் மாட்டுக்கொட்டகை விளக்கு ஒயரையும் திணிப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன். கேட்டால், 'அதான் நுழைஞ்சுடுச்சே' என்பார்கள்.

மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். தனியாக 30 ஆம்பியர் தாங்கும் கேபிள், ஒரே குழாயில் மூன்று இணைப்புகள் நெருங்கிக் கிடந்தால் சுமார் 21 ஆம்பியர்தான் தாங்கும். கோடையில் மின்னழுத்தம் குறைய, மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். உறை இளகி, கம்பிகள் ஒட்டி, பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நாளில் மோட்டார் நின்றுவிடும். ஈர மண்ணில் மின்கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. நெருக்கி இழுக்கும்போதே உறை சிராய்ந்துவிடுவதும் உண்டு. அது வெளியே தெரியாது.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேபிள்கள் என்றால் குழாயின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. கணக்கு எளிது. குழாயின் உள்விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, அதில் 40 சதவீதம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளின் வெளிவிட்டத்தையும் அப்படியே பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்.

10 மி.மீ. தடிமனுள்ள மூன்று கேபிள்களுக்கு 300 வருகிறது. 25 மி.மீ. உள்விட்டக் குழாய்க்கு 250தான். போதாது, கண்ணுக்கு இடம் இருப்பதுபோல் தெரிந்தாலும்கூட. 35 மி.மீ. குழாய்க்கு 490, தாராளம். எர்த் ஒயரையும் கணக்கில் சேருங்கள். சப்மெர்சிபிள் மோட்டாரின் தட்டைக் கேபிளுக்கு அகலத்தையே விட்டமாகக் கொள்ள வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து இரண்டு தட்டைக் கேபிள்கள் மட்டும் போனால் வரம்பு 31 சதவீதம்தான்.

இரும்புக் குழாய் என்றால் ஒரு மோட்டாரின் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரே குழாயில்தான் போக வேண்டும். பிரித்துவிட்டால் குழாயே சூடேறும். குழாய்க்குள் ஜாயின்ட் கூடவே கூடாது.

இரண்டாவது மோட்டாருக்குத் தனிக் குழாய் போடுங்கள். கேபிள் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவல்ல. பின்னால் போர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே ஒரு காலிக் குழாயையும் சேர்த்துப் புதைத்து, உள்ளே நைலான் கயிறு விட்டு, இரு வாய்களையும் மூடி வையுங்கள்.