மரத்துல வெள்ளைத் திட்டு... நோயா? வண்டலூர் காட்டு லைக்கனை பத்திரப்படுத்துவது எப்படி?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனவங்க, மரப்பட்டையில சாம்பல், வெளிர்பச்சை நிறத்துல திட்டுத்திட்டா இருப்பதைப் பார்த்திருப்பீங்க. பலரும் மரத்துக்கு நோய்னு நினைக்கிறாங்க. அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி. மரத்துல இருந்து சாப்பாடு எடுப்பதில்லை. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்!

பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலில் இந்தப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் போனால் அதன் பட்டையில் இருந்ததும் போச்சு. அங்கே என்னென்ன வகை இருந்துச்சு என்று பிறகு சொல்ல, முன்பே எடுத்து வைத்த மாதிரிதான் ஒரே சாட்சி. அந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்தான் ஹெர்பேரியம், அதாவது உலர் தாவரகம்.

எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் வனத்துறை அனுமதி. இது காப்புக்காடு, இஷ்டத்துக்குச் சுரண்ட முடியாது. இலை போல விரியும் வகைகள் காய்ந்திருந்தால் நொறுங்கிவிடும். அதனால் தண்ணீர் தெளித்து, மெதுவாகக் கத்தியால் எடுப்பார்கள். பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டிக்கிடக்கும் வகை தனியே வராது. உளியால் மேல்பட்டையோடு மெல்லிசாகச் சீவ வேண்டும்.

அடுத்துதான் சென்னையின் சிக்கல். பிளாஸ்டிக் கவரில் போட்டால் இங்குள்ள புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே காகித உறையில் போட்டு, நிழலில், காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். நல்லா காய்ந்த பிறகு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் பூச்சிகள் சாகும். மருந்து தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஏன்னா, லைக்கன் மீது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிளீச்சிங் கரைசல் போன்றவற்றைச் சொட்டு விட்டு, நிறம் மாறுதான்னு பார்த்துத்தான் பல வகைகளை அடையாளம் காண்கிறார்கள்.

லேபிள் இல்லைன்னா?

இடம், தேதி, எந்த மரம், ஜிபிஎஸ் அளவு, எடுத்தவர் பெயர் - இவை உறை மீது இல்லாவிட்டால், எவ்வளவு அழகான மாதிரியும் ஆய்வுக்கு வெறும் பட்டைத்துண்டுதான். இந்திய லைக்கன் ஆய்வின் முன்னோடி தரணி தர் அவஸ்தி சேகரித்தவை லக்னோவின் தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்றும் பயன்படுவது இதனால்தான்.

காற்றில் கந்தக டை ஆக்சைடு கூடினால் பல லைக்கன்கள் மறையும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட பிறகு, ஜிஎஸ்டி சாலையோரக் காற்று எப்படி மாறியிருக்குன்னு பார்க்க, அதே மரங்களில் முன்பு எடுத்த உறைகள் இருந்தால் ஒப்பிடலாம்.